பழக்கடை வீடியோ

அன்புத் தங்கைக்கு,

படித்ததும் இதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடு. நான் ஓடிவந்ததிலிருந்து என்னைத் தேடி உன் போனை அத்தான் வாங்கிப் பார்ப்பாரே என்றுதான், பக்கத்து வீட்டு முருகம்மாள் அக்கா பேருக்குத் தபாலில் அனுப்புகிறேன்.

நான் நன்றாக இருக்கிறேன். அவர் அறைந்த இடது காது இப்போது கொஞ்சம் கேட்கிறது. குற்றாலத்தில் ஒரு பழக்கடையில் வேலை. சாரல் விழுகிறது, கூட்டம் சொல்லி முடியாது.

போன வாரம் வீடியோ எடுக்கிற ஒரு பெண் வந்தாள். நான் மங்குஸ்தான் உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "அக்கா, இங்கன பாருங்க" என்றாள். பார்த்துவிட்டேன். பிறகு முந்தானையால் மூடி என்ன பயன்? அழித்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். கடைக்கார ஆச்சிதான் விடவில்லை.

"ஏட்டி, ஒன் மொகத்தப் பாத்துட்டுத்தான் தென்காசியில இருந்தெல்லாம் ஆளு தேடி வருவாவ. கோட்டிக்காரி மாதிரி அழிக்கச் சொல்லுத?"

நேற்று ஆச்சி தன் போனில் அதைக் காட்டினாள். வீடியோவுக்குக் கீழே உன் பெயர், ஒரு சிவப்பு இதயம். என்னை உயிரோடு பார்த்த சந்தோஷத்தில் போட்டிருப்பாய். உன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் நீ இதயம் போட்டது அத்தான் போனுக்கும் போயிருக்கிறது. உன் பெயருக்கு அடுத்தே அவர் பெயர். "இந்தக் கடை எங்க இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் நன்றி சொல்லி மேப்பும் அனுப்பியிருக்கிறாள்.

இன்று நான் கடைக்குப் போகவில்லை. வெளியே பைக் சத்தம் கேட்டாலே அவர்தானோ என்று கதவைத் தாழிட்டுக்கொள்கிறேன். இதைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு பஸ் ஏறுகிறேன். எந்த ஊருக்கு என்று கேட்காதே.

இனி என் முகம் உன் போனில் எங்கே வந்தாலும், யாரோ ஒருத்தி என்று விரலால் தள்ளிவிட்டுப் போய்விடு.

உன் அக்கா