நீங்கள் ஒளித்துச் செய்த வேலை

மாமா,

இன்று அலிப்பூர் ஆபீசில் டைப் அடிக்க உட்கார்ந்தால் விரல்களில் தைல வாசனை. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. காலையில் அத்தையின் மரத்துப்போன காலில் தேய்த்தது. நீங்கள் இருந்தவரை அந்த வாசனை உங்கள் மேல்தான் இருக்கும்.

அத்தை பக்கவாதத்தில் விழுந்ததும், ஊரிலிருந்து வந்த உறவெல்லாம் என் முகத்தைத்தான் பார்த்தது. மருமகள் வேலையை விட வேண்டியதுதானே! ரயில்வேயில் ரிட்டையராகியிருந்த நீங்கள் என் கைப்பையை எடுத்து நீட்டினீர்கள். “நீ கெளம்பும்மா, பஸ் போயிடும். என் பொண்டாட்டிய நான் பாத்துக்கிறேன்.”

பார்த்துக்கொண்டீர்கள். குளிப்பாட்டினீர்கள், படுக்கை மாற்றினீர்கள், கஞ்சி ஊட்டினீர்கள். தலை பின்னினால் கோணிக்கொண்டு போகும்; அத்தை பாதி வாயால் சிரிப்பார். ஆனால் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், கிண்ணம் என் கைக்கு வந்துவிடும். நீங்கள் பேப்பரும் கையுமாக நாற்காலியில். உங்கள் மகன் துறைமுகத்திலிருந்து வந்தாலும் அதே கூத்துதான். பகலில் பாத்திரம் தேய்க்க வருகிறவள்தான் எல்லாம் செய்கிறாள் என்று அவர் நம்பியிருந்தார். கீழ் வீட்டு வங்காள அம்மாள், நாம் மாசிமா என்று கூப்பிடுகிறவர், உங்களிடம் கேட்டே விட்டார், எதற்கு இந்த நாடகமென்று. “பையன் பாத்தா சங்கடப்படுவான்” என்றீர்கள். எனக்கும் அப்போது வேடிக்கையாகத்தான் இருந்தது.

போன மழைக்காலத்தில் திடீரென்று போய்விட்டீர்கள். என் லீவெல்லாம் தீர்ந்தபின் உங்கள் மகனிடம் கேட்டேன். “நீங்க மத்தியான ஷிஃப்ட் வாங்கிக்கிட்டு, காலையில அத்தைய பாத்துக்குங்க. நான் வர்ற வரைக்கும் மாசிமா வந்து உக்கார்றேங்கறாங்க.”

“குளிப்பாட்டி விடறதெல்லாம் ஆம்பளை செய்யற வேலையா? எங்கப்பா செஞ்சாரா?”

“செஞ்சார்” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட மனசில்லாமல் நான் கதை கட்டுகிறேன், மாசிமாவும் அதற்கு உடந்தை என்றார். படுக்கையிலிருந்து அத்தை என்னவோ சொல்லப் பார்த்தார், எச்சில்தான் வழிந்தது. பக்கத்திலேயே நின்றிருந்த உங்கள் மகன், துடைக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

உங்கள் மேலும் கோபம் வருகிறது, மாமா. ஒரு நாளாவது அவர் கண் முன்னால் செய்திருக்கக் கூடாதா?

வெள்ளிக்கிழமை ராஜினாமா கொடுக்கிறேன். உங்கள் வேலை இனி என்னுடையது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் செய்கிறேன். ஆனால் நான் செய்தால் அது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.