நாற்காலியை இழுத்துப் போட்டவள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். மூட்டுவலி எப்படி இருக்கிறது? வெறும் வயிற்றில் மாத்திரை போடாதீர்கள். மகளாகச் சொன்னால் கேட்க மாட்டீர்கள், டாக்டராகச் சொல்கிறேன். நான் நலம்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஆண்டுதோறும் டாக்டர்களுக்கு விருது கொடுப்பார்கள். ஆராய்ச்சி, பாடம் நடத்துவது, பொதுச்சேவை எல்லாவற்றுக்கும் பெரிய ஆட்கள் வாங்கினார்கள். நோயாளியைக் கவனித்துக்கொண்டதற்கான விருது எனக்கு. அதற்கு மட்டும் நோயாளி வீட்டார்தான் பெயர் கொடுக்க வேண்டும். என் பெயரைக் கொடுத்தவர் யாரென்று மேடையில்தான் தெரிந்தது. என்னால் காப்பாற்ற முடியாமல் போன ஒருவருடைய மனைவி.

அந்த அம்மா மைக்கில் சொன்னார்: "மத்த டாக்டருங்க சாவுச் சேதியைக் கதவுகிட்ட நின்னே சொல்லிட்டுப் போயிடுவாங்க. இவங்க நாற்காலியை இழுத்துப் போட்டு, பக்கத்துல உக்காந்து சொன்னாங்க. நான் அழுது முடிக்கிற வரைக்கும் எந்திரிக்கல."

அம்மா இறந்துபோன அன்று, டாக்டர் அதை வராந்தாவில் நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் கையில் ஃப்ளாஸ்க்கோடு அவர் பின்னாலேயே ஓடினீர்கள். டாக்டரான பிறகு நான் ஒருநாளும் நின்றுகொண்டு சொன்னதில்லை, அப்பா.

விழாவில் ஒவ்வொருவர் பக்கத்திலும் குடும்பத்துக்கென்று ஓர் இடம் விட்டிருந்தார்கள். என் பக்கத்தில் என் கைப்பையை வைத்துக்கொண்டேன்.

வார்டிலிருந்து கூப்பிடுகிறார்கள். ஒன்றே ஒன்று. போனில் எப்போதும் நின்றுகொண்டே, "சரிம்மா, வெச்சிடறேன்" என்று முடித்துவிடுகிறீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசுங்கள்.

உங்கள் மகள்