மூடிய கணக்கை அதே எண்ணில் திறந்து தரக் கோரி

அனுப்புநர்:
க. வீரம்மாள்,
க/பெ. கருணாகரன்,
பிள்ளையார் கோயில் தெரு,
கம்மாபுரம்.

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
பொன்வயல் வங்கி,
நெய்வேலி நகரியக் கிளை.

பொருள்: எனக்குத் தெரியாமல் மூடப்பட்ட சேமிப்புக் கணக்கை மீண்டும் திறந்து தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் சுரங்கக் கேன்டீனில் பாத்திரம் துலக்கும் ஒப்பந்தத் தொழிலாளி. டெண்டர் முடிந்து காண்டிராக்டர் மாறும்போதெல்லாம் எங்களுக்கு வேலை மாறுவதில்லை, வங்கிதான் மாறுகிறது. இந்தச் சித்திரையில் வந்த புதிய காண்டிராக்டரும், வேறொரு வங்கியில் கணக்கு இருந்தால்தான் சம்பளம் என்றார்.

2. மேஸ்திரி குமரவேல் எங்கள் பாஸ்புக்குகளை மொத்தமாக வாங்கிக்கொண்டு, சில தாள்களில் கையெழுத்தும் வாங்கினார். அதில் ஒன்று தங்கள் கிளைக் கணக்கை மூடும் விண்ணப்பம் என்று பிறகுதான் அறிந்தேன். கேட்டதற்கு, "சும்மா கெடந்தா காசு புடிச்சிகினே இருப்பாங்கக்கா, ஒனக்கு நல்லதுன்னுதான் செஞ்சன்" என்றார். அவர்மீது எனக்குப் புகார் இல்லை.

3. என் மகன் சிலம்பரசன், தகப்பனார் பார்க்கும் மைன்ஸ் காண்டிராக்ட் வேலைக்கு வரமாட்டேன் என்று அவரோடு சண்டையிட்டு வீட்டைவிட்டுப் போய் மூன்று வருடமாகிறது. எந்த ஊரில் இருக்கிறான் என்று தெரியாது. போன் செய்வதில்லை, அவனுடைய பழைய எண்ணும் போவதில்லை. எப்போதாவது அந்தக் கணக்கில் கொஞ்சம் பணம் போடுவான், எனக்கு மெசேஜ் வரும். பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கும்.

4. ஆடியில் தங்கள் கிளைக்கு வந்து விசாரித்தேன். கவுண்டரில் இருந்த அம்மா கணினியில் பார்த்துவிட்டு, கணக்கு மூடிய பின் ஒருமுறை பணம் வந்து, அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விட்டது என்றார். அனுப்பியவர் விவரம் சொல்ல விதியில்லையாம், மூடியதைத் திறக்கவும் விதியில்லையாம். "புதுசா ஒண்ணு தொறந்துக்குங்கம்மா" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். புது எண்ணை நான் யாரிடம் போய்ச் சொல்வது ஐயா?

5. அன்றிலிருந்து எனக்கு அழுகைகூட வரவில்லை. ஷிப்டுக்குப் போகிறேன், வருகிறேன். வீட்டுக்காரருக்கு இது இன்னும் தெரியாது. பணம் போனதில் வருத்தமில்லை. அம்மாவே வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டாள் என்று அவன் நினைத்திருப்பான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே, கணக்கை அதே எண்ணில் திறந்து தருமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பிடித்தம் எவ்வளவானாலும் கட்டுகிறேன். விதி இடம் கொடுக்காவிட்டால், இனிமேல் பணம் வந்து திருப்பி அனுப்பும்போது, காரணம் எழுதும் இடத்தில் "அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை" என்று ஒரு வரி சேர்த்து அனுப்பும்படியாவது வேண்டுகிறேன்.

இடம்: கம்மாபுரம்
நாள்: 18.08.2025

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
க. வீரம்மாள்