“அக்காதான் கேக்கல”

குருபோங், மலாக்கா

அன்புள்ள அம்மாவுக்கு, ரேச்சலின் வணக்கம். சித்தியவானில் மழை விட்டதா? உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

பயப்பட ஒன்றுமில்லை. விழித்திரை வீக்கத்துக்காக என் இடது கண்ணில் ஊசி போட்டபின் கிருமி புகுந்துவிட்டது. ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வராதாம். ஊசியை நான் குறை சொல்லவில்லை.

மூன்றாம் நாள் வலி தாங்கவில்லை, பார்வையும் மங்கியது. என்னோடு தங்கியிருக்கும் கேத்லீன் எனக்கு ஊசி போட்ட கிளினிக்கில்தான் வேலை செய்கிறாள். “நார்மல் லா அக்கா. லீவு நாள்ல டாக்டரக் கூப்பிட்டா எனக்குத்தான் ஏச்சு,” என்றாள். யாரையும் எளிதில் நம்பாத நான் அவளை நம்பி இரண்டு நாள் காத்திருந்தேன்.

ஏன் உடனே வரவில்லை என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டார். நான் வாய் திறக்குமுன் கேத்லீன், “நான் அப்பவே சொன்னேன் டாக்டர், அக்காதான் கேக்கல,” என்றாள். நான் மறுக்கவில்லை.

அந்தக் கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டும் தெரிகிறது. நீங்கள் உங்கள் கண் ஊசியை நிறுத்த வேண்டாம். ஆனால் வலித்தால் யாரையும் கேட்காமல் அன்றே போய்விடுங்கள்.

சொட்டு மருந்துக்கு நேரமாகிவிட்டது. வலது கண்ணும் தெளிவாக இல்லை; நானே வாசிக்கும்படி பதிலைக் கறுப்பு மையில், பெரிய எழுத்தில் எழுதுங்கள் அம்மா. வாசித்துக்காட்ட இங்கே அவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

ரேச்சல்