இப்பதான் போனான்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "இருக்கேன்" என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுவாய். இந்த முறையாவது கொஞ்சம் நீட்டி எழுது.

நேற்று பார்சல் ஆபீசில் பக்கத்து மேசைக்காரி தன் இயர்போனில் ஒன்றை என் காதில் மாட்டி, "குட்டிப் பேய்க் கதைடி, பயந்துடாதே" என்றாள். ஏதோ ஒரு சின்ன ஊராம். மழை பெய்தால் ஒருத்தி மஞ்சள் மழைக்கோட்டு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வீடாகத் தட்டுவாளாம். "எம் பையன் இங்க வந்தானா?" என்பாளாம். "வரலை" என்று சொல்லிவிட்டால் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வாளாம், அப்புறம் போகவே மாட்டாளாம். "இப்பதான் போனான்" என்று சொன்னால்தான் நகர்வாளாம்.

அவள் சிரித்தாள். நானோ வந்த பார்சலை எல்லாம் ஒரே கூடையில் போட்டுத் திட்டு வாங்கினேன். அந்த மழைக்கோட்டை உன் பையனுக்கு வாங்கிக் கொடுத்தவள் நான்தானே அக்கா?

வெள்ளம் அவனைக் கொண்டுபோன புதிதில் நீ அப்படித் தட்டினாய் என்று தெரியும். இன்னுமா தட்டுகிறாய்? கிளம்பி என்னிடம் வந்துவிடு. ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது.

உன் வாலு

ஜூன் 13

அன்புள்ள வாலுவுக்கு,

இருக்கேன். நீட்டச் சொன்னாய், நீட்டுகிறேன்.

அந்தக் கதை எங்கள் தையற்கடைக்கும் வந்துவிட்டது. நான் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். கட்டிங் மாஸ்டர் என்னைப் பார்த்ததும் பதறிப்போய்ப் போனில் சத்தத்தைக் குறைத்தார். "வைங்க மாஸ்டர், நானும் கேக்கறேன்" என்றேன். முழுதும் கேட்டேன். ஒன்றும் தோன்றவில்லை. நூல் அறுந்தது, கோத்துக்கொண்டேன்.

கதை சொன்னவன் நன்றாகவே கண் காது மூக்கு வைத்திருக்கிறான். என் கால் தரையில் படாதாம். படாத காலுக்கு முட்டி ஏன் இந்த வலி வலிக்கிறது? நான் செத்துப்போய்ப் பல வருஷம் ஆயிற்றாம். அந்த இடத்தில் மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை.

ஆனால் "இப்பதான் போனான்" என்பது நிஜம். பாலத்தடி வீட்டு டீச்சர்தான் மனசு கேட்காமல் முதலில் சொன்னார். ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. பொய் என்று எனக்குத் தெரியாதா? இருந்தாலும், சற்று முன்னால் யாரோ அவனைப் பார்த்தது போல ஒரு பேச்சு. அதைக் கேட்டால் அன்றைக்குச் சோறு இறங்குகிறது. அங்கே வந்தால் எனக்கு அதை யார் சொல்வார்கள்?

அக்கா

ஜூன் 20

அக்கா,

பெற்றவள் நீ. இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் நான். எனக்கும்தான் அவன் வரவில்லை. இந்த ஊரில் போய்த் தட்ட எனக்கு ஒரு கதவும் கிடையாது. பொய் சொல்கிறவர்கள் உனக்குச் சொந்தம், நான் யாரோ ஆகிவிட்டேனா?

உன்மேல் கோபம். இனி நீயாக வந்தால்தான் பேச்சு.

தங்கை

ஜூலை 2

அன்புள்ள கோபக்காரிக்கு,

நேற்று இங்கே மழை. கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கதை வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்துவிட்டது போல. யாரும் கதவைத் திறக்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளிருந்தே, "இப்பதான் போனான்! இப்பதான் போனான்!" என்று கத்தினார்கள். டீச்சர் வீட்டில் ஜன்னலைக்கூடச் சாத்திவிட்டார்கள். அதே வார்த்தைதான். ஆனால் என்னைத் துரத்துவதற்காகச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து தட்டின் முன் உட்கார்ந்தேன். சோறு இறங்கவில்லை.

மாஸ்டரிடம் கணக்கு முடித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுகிறேன். கோட்டும் வருகிறது, அதை எங்கே வைப்பது என்று யோசித்து வை.

ஒன்று சொல்கிறேன், பயப்படாதே. உன் வாசலிலும் நான் தட்டுவேன். அவன் வந்தானா என்று கேட்பேன். கேட்காமல் ஒரு வாசலைத் தாண்ட எனக்கு வராது. நீ கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்து, "வரலைக்கா" என்று சொல்லு.

கதையில் இருக்கிற மாதிரியே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

உன் அக்கா