குளிர் புகுந்த கால்

ஃபெஸ்
வெள்ளிக்கிழமை

என் கண்ணான மகள் நஜாத்துக்கு உன் உம்மா தாமு ஸலாம் சொல்லி எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் பிரஸ்ஸல்ஸில் அல்லாஹ்வின் காவலில் நல்லபடியாக இருக்க வேண்டும். நானும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, எழுந்து நடமாடுகிறேன், ரொட்டி தின்கிறேன், அவ்வளவுதான். பள்ளிவாசல் வகுப்பில் கற்ற எழுத்து, கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ அழ ஆரம்பித்தால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன், அப்புறம் ஒருநாளும் சொல்ல மாட்டேன். உன் தங்கை கிஸ்லான் இதயம் நின்று போனாள் என்றுதான் உனக்குச் சொன்னோம். அதற்கு அரைமணி முன்னால் அவள் காலை நான் அமுக்கினேன் என்று யாரிடமும் சொல்லவில்லை, அவள் புருஷன் ஜிலாலியிடமும் சொல்லவில்லை. சொன்னால் குழந்தை அய்மனை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்ற பயம்தான்.

பிள்ளை பெற்று நாற்பதாம் நாள் காலையில் அவளை நம் தெருக் குளியல் கூடத்துக்கு, ஹம்மாமுக்குக் கூட்டிப்போனேன். நாற்பது முடிந்தது, இனிப் பயமில்லை என்று எல்லோரும் சொன்னோம். பெற்றவள் உடம்பு திறந்து கிடக்கும், அதை நீவி, இழுத்து, துணியால் இறுக்கி மூட வேண்டும், உனக்குத் தெரியாததா. இந்தப் பேட்டையில் முப்பது வருடமாக மூடுகிறவள் நான், என் மகள்மேல் வேறு யார் கை வைப்பது. சூட்டறையில் படுக்க வைத்துக் கருஞ்சோப்புப் பூசி ஊறவிட்டேன். பக்கத்தில் வேறொருத்திக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்த மிலூதா அவளைப் பார்த்துவிட்டு, “அடியே, ஒரு கால் மட்டும் பூசணி மாதிரி ஆயிடுச்சே, ஜிலாலி பார்த்தா ஓடிப் போயிடுவான்டி” என்றாள். கிஸ்லான் சிரித்தாள், “ஓடட்டும் மிலூதாக்கா, புள்ளையையும் தூக்கிட்டு ஓடட்டும், நான் ஒருநாள் தூங்குவேன்ல” என்றாள். பிறகு என்னிடம், “நாலு நாளா கெண்டைக்கால் வலிக்குதும்மா, வெறுந்தரையில நின்னேன், குளிர் புகுந்துடுச்சு” என்றாள்.

இந்த ஊரில் எதற்குத்தான் குளிர் என்று சொல்ல மாட்டோம் மகளே. இடுப்பு வலித்தால் குளிர், பல் வலித்தால் குளிர், பிள்ளை தங்காவிட்டால் அதுவும் குளிர். நானும் ஆமாம் குளிர்தான் என்றேன். ஆனால் அந்தக் காலைத் தொட்டபோது சூடாக இருந்தது. அறையின் சூடு இல்லை, சோப்பின் சூடு இல்லை, உள்ளேயிருந்து வந்த சூடு. தோல் பளபளவென்று இறுகிக் கிடந்தது. மற்றக் கால் மாவு மாதிரி இருந்தது. என் கைக்குத் தெரிந்தது நஜாத், கை அங்கேயே நின்றது. ஆனால் வாய் குளிர் என்று சொல்லிவிட்டதே, கை வாய் சொன்னதைக் கேட்டது. குளிரை விரட்ட எப்படி அமுக்குவோமோ அப்படியே பாதத்திலிருந்து மேலே, இரண்டு கட்டைவிரலாலும். “வலிக்குதும்மா, மெதுவா” என்றாள். “வலிச்சாத்தான் குளிர் வெளிய போகும், பொறுத்துக்கோ, புள்ளை பெத்தவதானே நீ” என்றேன். வெளியறைக்கு வந்து துண்டைச் சுற்றிக்கொண்டு ஆரஞ்சு உரித்தாள். இரண்டு சுளை தின்றாள். “மூச்சு முட்டுதும்மா” என்றாள். மூன்றாவது சுளை கையில் இருக்க அப்படியே என்மேல் சாய்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் அந்த இளம் டாக்டரம்மா என்னிடம் கேட்டாள், “காலில வீக்கம், வலி ஏதாவது இருந்துச்சா?” ஜிலாலி பக்கத்தில் நின்றான். நான் இல்லை என்றேன். ஜிலாலி கையெழுத்துப் போடப் போனதும், காலில் இரத்தம் கட்டி அது நுரையீரலுக்கு ஏறினால் இப்படி ஆகும் என்று அவள் சொல்லிவிட்டுப் போனாள். போன கோடையில் நீ வந்தபோது, அங்கே நீ உடம்பு பிடித்துவிடுகிற இடத்தில் யாரையும் தொடுவதற்கு முன்னால் ஆபரேஷன் ஆச்சா, பிள்ளை பெற்று எத்தனை நாள், எங்கே வீக்கம் என்று கேட்டு எழுதிக்கொள்வோம் என்றாய். நான்தான், “உடம்பு புடிக்கிறியா, போலீஸ் வேலை பாக்கிறியா” என்று மிலூதாவையும் சேர்த்துக்கொண்டு சிரித்தேன்.

முந்தாநாள் மதியம் ஜிலாலி டாக்ஸியை வாசலில் நிறுத்திவிட்டு வந்தான். அய்மனைத் தூக்கிக் கொஞ்சினான். பிறகு, “மாமி, எங்க ஊர் செஃப்ரூவுல என் தங்கச்சி வஃபாவுக்குப் புள்ளை பொறந்து பன்னெண்டு நாளாச்சு. ஒரு கால் வீங்கிக் கெடக்கு, குளிர் புகுந்துடுச்சாம். நீங்க வந்து அமுக்கி விடணும், உங்க கைதான் வேணும்னு எங்கம்மா சொல்றாங்க, இப்பவே கெளம்புங்க” என்றான். குழந்தை அவன் சட்டைப் பொத்தானை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் வேறொருத்தியைக் கூப்பிடுவார்கள், அவளும் அமுக்குவாள். நான் சொன்னேன், “யாரையும் தொட விடாதே, நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ.” ஏன் என்று கேட்டான். சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன், டாக்டரம்மாவிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “வலிக்குதுன்னு சொன்னாளா?” என்று கேட்டான். சொன்னாள் என்றேன். “நிறுத்தினீங்களா?” என்றான். இல்லை என்றேன். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டான். பால் புட்டி இங்கேதான் கிடக்கிறது.

வஃபாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், இரத்தக்கட்டு கரைய வயிற்றில் ஊசி போடுகிறார்கள், பிழைத்துக்கொள்வாள் என்று மிலூதா கேட்டு வந்து சொன்னாள். பிள்ளையைப் பார்க்க நான் வரக்கூடாது என்று ஜிலாலியின் தாய் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. ஹம்மாமுக்கு நான் போவதில்லை, கூப்பிட வருகிறவர்களிடம் கை வலி என்கிறேன். நீ படித்தவள், என் கையால்தான் போனாளா என்று எனக்கு எழுது. ஆறுதலுக்காக எழுதாதே, உள்ளதை எழுது. உன் வேலையில் கவனமாக இரு, உன் கை நின்றால் நீயும் நின்றுவிடு, வந்தவள் தன் வலிக்கு என்ன பேர் சொன்னாலும் சரி, வந்தவள் உன் தாயாகவே இருந்தாலும் சரி.

லீவு கிடைத்ததும் வா, வந்தால் முதலில் என்னிடம் வராதே, பிள்ளை இருக்கிற செஃப்ரூவுக்குப் போ, உன்னை உள்ளே விடுவார்கள். அய்மனுக்குச் சாயங்காலமானால் வயிறு உப்பிக்கொள்ளும், காலை மடக்கிக்கொண்டு அழுவான். ஆலிவ் எண்ணெயை உள்ளங்கையில் சூடாக்கி, தொப்புளைச் சுற்றிக் கடிகார முள் போகிற பக்கமாக மெதுவாகத் தடவ வேண்டும், அமுக்கவே கூடாது, பூனையைத் தடவுகிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுவான். அதை அவர்களுக்குச் சொல்லிக்கொடு. நான் சொன்னதாகச் சொல்லாதே, பிரஸ்ஸல்ஸில் படித்தது என்று சொல். அல்லாஹ் உன் கைகளைக் காப்பாற்றட்டும், உன் வயிற்றில் நல்ல பிள்ளைகளைத் தரட்டும்.

உன் உம்மா,
தாமு