கிணற்று ஹோமத்தில் தனியாக

தை வெள்ளி, 1976. எருத்தேன்பதி.

புதுக் கிணற்றுக்கு இன்று ஹோமம். "தம்பதியா உக்காரணும்," என்றார் ஐயர். என் வீட்டுக்காரர் இறந்ததிலிருந்து தோட்டத்தைப் பார்ப்பது நான்தான். ஆனாலும் கொழுந்தனார் மனைவியோடு மணைக்கு வந்துவிட்டார்.

"இப்ப யாரைங்க சாமி கூப்பிடறீங்க?" என்று ஐயரைக் கேட்டேன்.

"அதிதியை. தேவர்களுக்கெல்லாம் தாய்."

"அவங்க வீட்டுக்காரருங்க?"

ஐயர் யோசித்தார். "வேதத்துல அவரைப் பத்திப் பெருசா ஒண்ணும் இல்லை."

"அப்ப நானும் ஒத்தையாவே உக்காந்துக்கறனுங்க."

அவர்கள் உட்காருமுன் மணையில் நானே உட்கார்ந்தேன். ஐயர் தயங்கிவிட்டு நெய்க் கரண்டியை என்னிடம் நீட்டினார்.

கொழுந்தனார் சாப்பிடாமலே கிளம்பினார். "தண்ணி வத்துனா யாரைக் கேக்கறதுங்க அண்ணி?" என்றார்.

நாளை மோட்டார் போடுகிறோம். தண்ணீர் குறைந்தால் என்னைத்தான் சொல்வார்கள். தூக்கம் வரவில்லை. ஆனால் ஹோமம் முடிந்தும் அந்த மணையை விட்டு எழுந்திருக்க எனக்கு மனமே வரவில்லை.